நாட்டைப் பற்றி நான்கு வசனம்

ஒரு நாட்டில் இனி இருக்க ஏலாது என்று சத்தியம் செய்து சொல்லிவிட்டு, அதே வாயால் அந்த நாட்டை மேடையேறிப் புகழ ஒப்புக்கொண்ட மனிதன் மொன்றியல் நகரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதை வீரம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மதாம் கேட்டார், நான் ஓம் என்றேன். வகுப்பு எடுக்கிறவர் ஒன்றைக் கேட்டால் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லும் பழக்கம் எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. ஓம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நடுங்குவதுதான் எங்கள் முறை.

எண்பதுகளின் நடுப்பகுதி. மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டின் அறையை இன்னொரு யாழ்ப்பாணத்து அண்ணையோடு பங்குபோட்டுக்கொண்டிருந்தேன். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்த நான் இங்கே ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்தேன். ஊரில் தபால் கந்தோரில் முத்திரை குத்திய அண்ணை இங்கே ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். காலையில் இருவருக்கும் பிரெஞ்சு வகுப்பு, பின்னேரம் வேலை. என் மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அகதி என்று என்னை ஏற்றுக்கொண்டால்தான் அவர்களைக் கூப்பிடலாம். ஏற்றுக்கொள்ளாவிட்டால் என்ன என்பதை நான் ஒருநாளும் யோசித்து முடித்ததில்லை. பாதி யோசனையிலேயே வயிறு கலக்கிவிடும். மீதி யோசனையைக் கழிப்பறையில் வைத்து யோசிக்க மனம் வராது.

விசாரணை அப்போது முடிந்திருந்தது. சின்ன அறை, மேசையில் குரலைப் பதிந்தபடி சுழலும் ரேப், ஒரு மொழிபெயர்ப்பாளர், எதிரே தாடி வைத்த ஓர் அதிகாரி. அவர் தன் கழுத்து ரையின் நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"அந்த நாட்டின் வேறொரு பகுதிக்குப் போய் உங்களால் வாழ முடியாதா?"

"ஐயா, அது கையகலத் தீவு. அதிலே எந்த மூலையிலும் எனக்கு நிற்க இடமில்லை" என்றேன்.

அந்த வசனம் ரேப்பில் பதிந்து, தாளில் ஏறி, ஒட்டாவாவுக்குப் போய்ச் சேர்ந்தது. பதில் தபாலில் வரும் என்றார்கள். எப்போது வரும் என்று சொல்லவில்லை. தபால்காரர் எங்கள் தெருவில் தலையைக் காட்டினாலே எனக்கு வியர்க்கும். பனி கொட்டும்போதும் வியர்க்கும்.

இந்த லட்சணத்தில் இருக்கும்போதுதான் மதாம் ஒரு பாட்டுப் போட்டியை அறிவித்தார்.

மதாம் எங்கள் பிரெஞ்சு ஆசிரியை. அறுபதை நெருங்கியவர். நான் விடும் பகிடிகளுக்கு வகுப்பில் முதல் ஆளாகச் சிரிப்பவர் அவர்தான். பாதிப் பகிடி எனக்கே விளங்காத பிரெஞ்சில் இருக்கும். சேர்ச்சின் நிலவறை மண்டபத்தில் நாடுகளுக்கிடையே பாட்டுப் போட்டி, நாட்டுக்கு ஒரு பாட்டு என்றார். பாட்டுக்கு முன்னால் அந்தந்த நாட்டைச் சேர்ந்த ஒருவர் வந்து தன் நாட்டைப் பற்றிப் பிரெஞ்சில் நான்கு வசனம் சொல்லவேண்டும். சிலி, ஹெயிட்டி, லெபனான், சல்வடோர், வியட்நாம், அதோடு நாங்கள். "சின்ன நாடுகளுக்குத்தான் பெரிய தொண்டை" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களுக்குத்தான் கூச்சமே இல்லையே, நீங்கள் பேசுங்கள்."

ஓம் என்றேன். எங்கள் முறைப்படி.

வீட்டுக்கு வந்ததும் அண்ணை சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"உமக்கு மண்டை பிழையோ? நாடே வேண்டாமெண்டு ஓடி வந்தனாங்கள். இப்ப நாட்டுக்காகப் பாட்டோ?"

"எல்லாரும் ஓடி வந்த ஆக்கள்தானே அண்ணை. சிலிக்காரன் என்ன உல்லாசப் பயணமே வந்தவன்?"

"சிலிக்காரன்ரை கேஸ் முடிஞ்சுது. அவன் எந்த நாட்டையும் தூக்கிவைச்சுப் பாடலாம். உம்மடை கேஸ் ஒட்டாவாவிலை கிடக்கு. அங்கை இருக்கிறவன் கேக்க மாட்டானோ, நிற்க இடமில்லை எண்டு அழுதவர் மேடையிலை ஏறி நிண்டு எங்கடை நாடு நல்ல நாடு எண்டு சொல்லுறார், அப்ப நல்ல நாட்டுக்கே திரும்பிப் போகட்டுமன் எண்டு?"

அதுவரை எனக்கு அது தோன்றவேயில்லை. தோன்றிய பிறகு வேறொன்றும் தோன்றவில்லை.

"அப்ப இந்தியா எண்டு பேர் குடுப்பமோ அண்ணை?"

"குடும். மண்டபத்திலை ஒரு இந்தியாக்காரன் இருந்தால் எழும்பி, ஆரப்பா என்ரை நாட்டைக் களவெடுத்தது எண்டு கேப்பான். அந்தக் கேஸும் உம்மடை தலையிலை."

இப்படி நாங்கள் நாடு மாற்றிக்கொண்டிருந்தபோது கீழ்மாடியில் இருந்து மட்டக்களப்பு அக்கா வந்தார். அவரும் எங்கள் வகுப்புத்தான். ஊரில் சேர்ச்சில் பாடியவர். இங்கே ஒரு தையல் ஆலையில் சட்டைக்குக் கழுத்துப் பட்டி தைத்தார். பாடப்போவது அவர்தான். நாங்கள் இருவரும் பின்பாட்டும் தாளமும். பயத்தை அவரிடம் சொன்னேன். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"மறுகா என்னத்துக்கு மனே பயம்? நான் நாட்டுக்கெண்டா பாடப் போறன்? எனக்குப் பாட ஆசையாக் கிடக்கு, பாடுறன். ரெண்டு வருசமா மிசினோட மட்டும் கதைச்சு என்ட தொண்டை துருப்பிடிச்சுப் போச்சு. நீ வரல்லெண்டா அந்த மதாம் என்ன மேடையில ஏத்த மாட்டாவாம். நாலு வசனம் சொன்னாத்தான் பாட்டாம். மறுகா நீ எங்க ஓடுவாய் எண்டு பாக்கிறன்."

பிறகு என்பதற்கு அக்கா சொல்லும் 'மறுகா'வுக்கு அண்ணை வழக்கமாக ஒரு நக்கல் அடிப்பார். அன்றைக்கு அடிக்கவில்லை.

பாட்டு ஓர் ஊஞ்சல் பாட்டு. சித்திரை வருடப் பிறப்புக்கு அவர்கள் பக்கத்தில் பெரிய மரத்தில் ஊஞ்சல் கட்டி, ஆட்டுகிறவர்களும் ஆடுகிறவர்களும் மாறிமாறிப் பாடுவார்களாம். ஊஞ்சல் போய் வருகிற வேகம்தான் தாளம். கட்டடத்தின் அடியில் உடுப்புத் தோய்க்கும் அறையில் பழகினோம். நான் வெறும் பிஸ்கற் தகரப் பேணியில் தாளம் தட்டினேன். அண்ணைக்குத் தெரிந்த ஒரே சங்கீதம் கோயிலில் பாடுகிற தேவாரம். எந்த வரியைக் கொடுத்தாலும் கண்ணை மூடி, கடைசி எழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவார். "அண்ணே, ஊஞ்சல் திரும்பி வரணும். நீங்க ஆட்டிவிட்டாப் புள்ள அங்கயே நிக்குது" என்று அக்கா கத்துவார்.

என் நான்கு வசனங்களை மதாமே எழுதித் தந்தார். ஏதோ கலைக்களஞ்சியத்தையும் விமானக் கம்பனி விளம்பரம் ஒன்றையும் சேர்த்து அரைத்திருக்க வேண்டும். ஒன்று, எங்கள் நாடு இந்து சமுத்திரத்தில் ஒரு சின்னத் தீவு. இரண்டு, அங்கே வருடம் முழுவதும் வெயில். மூன்று, தீவின் எந்த மூலைக்குப் போனாலும் மக்கள் புன்னகையோடு இருப்பார்கள். நான்கு, நீங்கள் எல்லோரும் ஒருமுறை வந்து பாருங்கள்.

முதல் இரண்டிலும் பிழையில்லை. மூன்றாவதைப் படித்ததும் எனக்கு விக்கல் எடுத்தது. எந்த மூலையிலும் நிற்க இடமில்லை என்று நான் சொன்ன அதே மூலைகள். அங்கேயெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஒட்டாவா எங்கே, சேர்ச்சின் நிலவறை எங்கே? கேட்கப் போவது பாதிரியாரும் பிற அகதிகளும். அவர்களுக்கு என் கேஸைப் பற்றி என்ன கவலை?

போட்டி நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. வாசலில் பனிச் சப்பாத்துகள் மலையாகக் குவிந்து கிடந்தன. அக்கா பட்டுச் சேலைக்கு மேலே கம்பளிச் சுவெற்றர் போட்டிருந்தார். மதாம் எல்லோருக்கும் ரோணியோவில் படியெடுத்த ஒரு தாளைக் கொடுத்துக்கொண்டு திரிந்தார். எனக்கு அதை வாங்கிப் படிக்க நேரமில்லை, வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். மேடைக்கு முன்னால் ஒரு மேசை, அதில் நடுவர்கள் மூவர். பாதிரியார், பியானோ சொல்லிக்கொடுக்கும் ஒரு அம்மா, மூன்றாவதாக ஒரு தாடி.

தாடியைப் பார்த்ததும் என் முணுமுணுப்பு நின்றது.

"அண்ணை, அந்தாள்."

"எந்தாள்?"

"என்னை விசாரிச்ச ஒபிசர்."

அண்ணை எட்டிப் பார்த்தார். "உமக்குத் தாடி வைச்ச வெள்ளையள் எல்லாம் ஒரே ஆள்தான். போன கிழமையும் பஸ்ஸிலை ஒராளைக் காட்டி இப்பிடித்தான் சொன்னனீர். அந்தாள் ரிக்கற் கிழிச்சுத் தந்தவர்."

அது உண்மைதான். எங்களை எல்லாம் ஒரே முகமாகப் பார்க்கிறார்கள் என்று அவர்களைக் குறை சொல்லும் நான், அந்த வருடம் மட்டும் அந்த அதிகாரியைப் பஸ்ஸிலும், மெற்றோவிலும், ஆஸ்பத்திரியில் குடலிறக்கத்துக்கு வந்து படுத்திருந்த நிலையிலும் கண்டிருக்கிறேன். ஆகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இது வேறு யாரோ. நிச்சயம் வேறு யாரோ. தாடி கொஞ்சம் நீளம். முடி கொஞ்சம் குறைவு.

அந்த மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ரையின் நுனியை எடுத்தார். துடைத்தார்.

அண்ணைக்கும் நான் அந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருந்தேன். அவர் என் தோளில் கையை வைத்தார். செத்த வீட்டில் வைப்பதுபோல இருந்தது.

சிலிக்காரர் கித்தாரோடு ஏறினார். ஹெயிட்டிப் பெண்கள் ஏறினார்கள், மண்டபமே ஆடியது. நான் மதாமைத் தேடிப் போனேன்.

"மதாம், எனக்குச் சுகமில்லை."

"மேடைப் பயம்" என்றார் மதாம் மகிழ்ச்சியாக. "நல்ல கலைஞர்கள் எல்லோருக்கும் வரும்."

"அந்தத் தாடி வைத்த நடுவர் யார்?"

"எங்கள் சேர்ச்சில் பாடுகிறவர். நல்ல குரல். பகலில் அரசாங்க வேலை" என்று சொல்லிவிட்டு லெபனான்காரருக்கு ஒலிவாங்கியைச் சரிசெய்ய ஓடினார்.

அக்கா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். விஷயத்தை அண்ணை அவர் காதில் சொல்லியிருந்தார். "மனே, உனக்கு ஏலாதெண்டாச் சொல்லு. நான் பாடல்ல" என்றார். அதட்டி இழுத்திருந்தால் ஓடியிருப்பேன். இப்படிச் சொன்ன பிறகு எப்படி ஓடுவது? அவர் கைகளில் ஊசி குத்திய தழும்புகள். பட்டுச் சேலையை யாரிடமோ இரவல் வாங்கியிருந்தார். சல்வடோர் பாடி முடித்தது. எங்களுக்குப் பிறகு வியட்நாம் மட்டும்தான்.

எங்கள் நாட்டின் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை விட்டு இவ்வளவு தூரம் ஓடிவந்த நான், அந்தப் பெயருக்கு எழுந்து நடந்தேன்.

ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றபோது தாடிக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. அதுவரை கதிரையில் சாய்ந்திருந்தவர் முன்னுக்கு வந்து, முழங்கைகளை மேசையில் ஊன்றினார். விசாரணையன்றும் இப்படித்தான் ஊன்றினார்.

முதல் வசனம் வந்தது. சின்னத் தீவு. இரண்டாவதும் வந்தது. வெயில். மண்டபத்தில் வெயிலுக்குக் கைதட்டினார்கள். வெளியே அப்படிக் குளிர். மூன்றாவது வசனத்துக்கு வாயைத் திறந்தேன்.

"தீவின் எந்த மூலைக்குப் போனாலும் மக்கள்..."

நின்றுவிட்டேன். சொன்னால், நான் சத்தியம் செய்து சொன்னது பொய். என் மனைவியும் மகளும் வர வேண்டிய பாதையை நானே மண் போட்டு மூடுகிறேன். சொல்லாவிட்டால் அக்காவுக்குப் பாட்டு இல்லை. மேடையில் இருந்து கழிப்பறை எந்தப் பக்கம் என்று நான் முன்பே பார்த்து வைத்திருந்தேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் செய்த புத்திசாலித்தனம்.

மேடைக்குப் பக்கத்தில் இருந்து மதாம் உதவிக்கு வந்தார். நான் வசனத்தை மறந்துவிட்டேன் என்று நினைத்து, வகுப்பில் சொல்லித்தருவதுபோலக் கையால் உதட்டின் இரு பக்கமும் இழுத்துக் காட்டினார். நான் அசையவில்லை. அவர் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "புன்னகையோடு! புன்னகையோடு இருப்பார்கள்!"

சனம் சிரித்தது. தாடிக்காரர் சிரிக்கவில்லை.

"ஓம் மதாம்" என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு பிரெஞ்சில், எனக்குத் தெரிந்த அந்தக் குழந்தைப் பிரெஞ்சில், யாரும் எழுதித் தராததைச் சொன்னேன். அங்கே மக்கள் புன்னகைப்பார்கள், நானும் அங்கே புன்னகைத்தவன்தான். இப்போது எனக்கு அங்கே இடமில்லை. என் மனைவி அங்கே. என் மகள் அங்கே. நான் இங்கே. வெயில் நல்ல வெயில், அதில் பிழையில்லை. நீங்கள் வந்து பார்க்க வேண்டாம். இப்போது அக்கா பாடுவார்.

நான்கு வசனம் என்றார்கள். நான் சொன்னதை யாரும் எண்ணவில்லை.

மதாமின் கை இன்னும் வாயருகிலேயே நின்றது. நான் பிஸ்கற் பேணியைத் தூக்கித் தட்டத் தொடங்கினேன். மண்டபத்து அமைதியில் இருந்து தப்பியோட எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் பயந்தவன் கையில் தாளம் அகப்பட்டால் என்ன நடக்கும்? பழகியதைவிட இரண்டு மடங்கு வேகம். அக்கா ஒருமுறை திரும்பி என்னை முறைத்தார். பிறகு வேறு வழியில்லாமல் அந்த வேகத்துக்கே பாடினார். அந்த ஊஞ்சலில் ஒரு பிள்ளை இருந்திருந்தால் நேரே நகரத்துக்கு வெளியே ரொக்ஸ்பரோவில் போய் விழுந்திருக்கும். அண்ணைக்கு இழுக்க அவகாசமே கிடைக்கவில்லை, பாவம், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் வாயைத் திறந்தபடி நின்றார். இருந்தும் அக்காவின் குரல் துருவெல்லாம் உதிர்ந்து மேலே போனது. ஹெயிட்டிப் பெண்கள் எழுந்து ஆடினார்கள். நான் மட்டும் பேணியைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை.

வியட்நாமும் பாடி முடிந்து, நடுவர்கள் புள்ளிகளைக் கூட்டும்வரை எல்லோரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நின்றோம். எங்கள் நாட்டின் சார்பில் அண்ணை பொரித்த ரோல்ஸ் இருந்தது. ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு தாடிக்காரர் நேரே என்னிடம் வந்தார்.

"நான் கோட்டை எடுத்துக்கொண்டு வாறன்" என்றார் அண்ணை. கோட் அவர் மேலேயே இருந்தது.

"வணக்கம்" என்றார் அதிகாரி ஆங்கிலத்தில். மற்றக் கையில் மதாமின் ரோணியோத் தாள். அதைத் தூக்கிக் காட்டினார். "இதில் வேறு மாதிரி இருக்கிறதே."

வாங்கிப் பார்த்தேன். எல்லா நாட்டுக்காரரின் பேச்சையும் மதாம் முன்கூட்டியே அடித்துக் கொடுத்திருந்தார். மேலே என் பெயர், கீழே புன்னகையோடு நிற்கும் மக்கள், எல்லோரும் வந்து பாருங்கள். மேடையில் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொல்லாமல் விட்ட வசனத்தை, நான் மேடையேறுவதற்கு முன்பே மண்டபம் முழுக்கப் படித்து முடித்திருந்தது.

"அது மதாம் எழுதினது" என்றேன் உடனே. காட்டிக்கொடுக்க எனக்கு ஒரு விநாடிகூட எடுக்கவில்லை.

"நீங்கள் சொன்னது?"

"சொன்னது நான்."

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். எங்கே போகப்போகிறது அந்தத் தாள் என்று நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரோல்ஸைக் கடித்தார். உறைப்பில் கண் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேட்டார்:

"உங்கள் மகளுக்கு இப்போது எத்தனை வயது?"

விசாரணையில் நான் என்ன வயது சொன்னேன்? அதற்குப் பிறகு எத்தனை மாதம்? இது பொறி. வேறு கேள்வி கேட்பதுபோலக் கேட்டு, இரண்டு பதிலையும் ஒட்டிப் பார்ப்பார்கள் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். நான் நிமிர்ந்து நின்று மகளின் பிறந்த திகதி, மாதம், வருடம், பிறந்த ஆஸ்பத்திரி, பிரசவம் பார்த்த மிட்வைஃபின் ஊர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். கடைசியில் பழக்கதோஷத்தில், "நான் சொல்வதெல்லாம் உண்மை" என்று சத்தியத்தையும் சேர்த்துவிட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நான் சும்மாதான் கேட்டேன்" என்றார். "இன்றைக்கு நான் பாட்டுக்கு மட்டும்தான் புள்ளி போடுகிறேன். மற்றதைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி இல்லை. அதை முடிவு செய்வதும் நான் இல்லை." இன்னொரு ரோல்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வியட்நாம் முதலாவது. நாங்கள் நான்காவது. அக்காவுக்கு அது பெரிய சந்தோஷம். "ரெண்டு நாட்ட வெண்டிட்டம் மனே" என்று வீடுவரை சொல்லிக்கொண்டு வந்தார். மதாம் என்னோடு கோபிப்பார் என்று பயந்திருந்தேன். அவர் என் இரு கையையும் பிடித்துக்கொண்டு, "விளம்பரத்தைப் பார்த்து எழுதியது என் பிழை" என்று மட்டும் சொன்னார். அண்ணைதான் விடவில்லை. "பாட்டுக்கே நாலாவது போட்டவன், கேஸுக்கு எத்தனையாவது போடுவான் எண்டு யோசிச்சுப் பாரும்" என்று கோப்பை கழுவப் போகும்போதும் வரும்போதும் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். வேறு என்ன வேலை எனக்கு?

கோடை பிறந்து, ஜன்னலைத் திறந்து வைக்கும் காலம் வந்தபோது கடிதம் வந்தது. அவசரத்தில் உறையோடு சேர்த்துக் கடிதத்திலும் பாதியைக் கிழித்துவிட்டேன். அண்ணை இரண்டு துண்டையும் மேசையில் பொருத்திவைத்து வாசித்தார். ஏற்றுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பாடியதாலா, நான் பேசியதாலா, இரண்டையும் ஒட்டாவாவில் யாரும் கேள்விப்படவே இல்லையா, எனக்குத் தெரியாது. மடித்துப் பைக்குள் போன அந்தத் தாள் எங்கே போனது என்றும் தெரியாது.

ஊரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் மட்டும் ரெலிபோன் இருந்தது. மனைவியை அங்கே கூப்பிட்டு வைத்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"உண்மையோ? பகிடி விடாதேங்கோ."

"உண்மையடியப்பா."

"என்ன சொல்லி எடுத்தனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. நாட்டைப் பற்றிக் கொஞ்சம் கதைச்சனான்."

"ஐயோ" என்றாள். ஊரில் என் பகிடிகளோடு இருந்த அனுபவம் அப்படி. "இனியாவது நாங்கள் வந்து இறங்குமட்டும் வாயை வைச்சுக்கொண்டு பேசாமல் இருங்கோ. கேட்டதோ? ஒரு சொல்லும் கதைக்க வேண்டாம்."

ஓம் என்றேன். அடுத்த நாளில் இருந்து வகுப்பில் நான் ஒரு பகிடியும் விடவில்லை. மூன்றாம் நாள் மதாம் பாடத்தை நிறுத்திவிட்டு வந்து, காய்ச்சலோ என்று என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.